காரணம் எழுதாத நோட்டு

1

எங்கள் சமையலறைச் சுவரில் இந்த வருடம் முழுக்க 1982ஆம் வருடத்துக் காலண்டர்தான் தொங்குகிறது. அம்பத்தூரில் ஒரு மளிகைக் கடை கொடுத்தது. எண்பத்தெட்டில் மெல்பர்னுக்குக் கிளம்பியபோது பெட்டிக்கு அடியில் விரித்த தாள்களோடு அதுவும் வந்துவிட்டது. போன டிசம்பரில் ஒரு மாலை சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன். எண்பத்திரண்டுக்கும் தொண்ணூற்றொன்பதுக்கும் ஒரே கிழமைக் கணக்கு. இரண்டிலும் ஜனவரி ஒன்று வெள்ளிக்கிழமை, லீப் வருடமும் இல்லை. உடனே எடுத்து மாட்டினேன்.

"புதுக் காலண்டர் விக்கிற கடை இந்த ஊர்ல இல்லையாங்க?" என்றாள் என் மனைவி சாந்தி.

"கிழமை தப்பாது. அமாவாசைதான் வராது."

"நமக்கு அமாவாசைதானே தப்பாம வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்குத் தேதிகள் மேல் பித்து உண்டு. பதினெட்டு வயதிலிருந்து டைரி எழுதுகிறேன். எது எப்போது நடந்தது என்று எழுதி வைக்காவிட்டால் அது நடக்கவே இல்லை என்று தோன்றும். இந்தக் குணத்தால் ஒருமுறை ஒருவனுக்குப் பெரிய கெடுதல் செய்தேன். இந்த வருடக் காலண்டர் அதே கிழமைகளில் அதே நாட்களைக் காட்டிக்கொண்டு எதிரே நிற்பதால் அதை எழுதாமல் தீராது போலிருக்கிறது. ஊரில் இதைப் படிப்பவர்களில் நான் சொல்லப்போகிற ரயில்வே கேட்டைத் தெரிந்தவர்களும் இருக்கலாம்.

ஆகஸ்ட் நடுவில் மகள் இளமதியின் பள்ளியிலிருந்து எட்டுப் பக்கப் படிவம் ஒன்று வந்தது. இளமதிக்குப் பதினைந்து வயது, பத்தாம் வகுப்பு. மாணவர்களிலேயே சிலரைத் தேர்ந்தெடுத்துச் சனிக்கிழமைகளில் பயிற்சி கொடுக்கிறார்கள். கூடப் படிப்பவர்கள் குடியில், போதையில், அடிதடியில் சிக்கினால் முதலில் கண்டுபிடித்துப் பக்கத்தில் போய் உட்கார வேண்டியவர்கள் இந்த மாணவர்கள்தான். ஆசிரியர்கள் இரண்டடி தள்ளி நிற்பார்கள். இளமதியைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பெற்றோர் சம்மதிக்க வேண்டும் என்பது முதல் நான்கு பக்கம். ஐந்தாம் பக்கத்தில், பிள்ளைகளை அழைத்துப்போய் வர உதவும் பெற்றோர் தேவை என்றும், இம்மாதிரி வேலையில் முன் அனுபவம் உண்டா என்றும் கேட்டிருந்தது.

நான் எழுதினேன்: "உண்டு. அம்பத்தூர், சென்னை. 1981 – 82."

திங்கட்கிழமை அலுவலக ஜன்னலில் படிவத்தைக் கொடுத்தபோது அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டார். "அமைப்பின் பெயர்?"

"பெயர் வைக்கவில்லை."

"பதிவு எண்?"

"அமைப்புக்கு எண் கிடையாது. எங்களுக்கு ஆளுக்கு ஒரு எண் இருந்தது."

நான் வேடிக்கை செய்கிறேனா என்று முகத்தைப் பார்த்தார். நல்ல மனுஷி. கடைசியில், அந்த நாட்களில் என்னை நேரில் அறிந்த ஒருவரிடமிருந்து ஒரு கடிதம் வாங்கித் தந்தால் போதும், ஒரு மாதம் தருகிறேன் என்றார். அன்றே பன்னீருக்கு எழுதிப் போட்டேன்.

2

பன்னீர், தேசிங்கு, நான் மூவரும் 1979இல் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் பயிற்சியாளர்களாகச் சேர்ந்தோம். என் அப்பாவுக்கு ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸில் இருந்தோம். எங்கள் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அதனால் என் பேச்சு அவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். பன்னீரும் தேசிங்கும் அந்த மண்ணின் பிள்ளைகள். அவர்களுடைய அப்பாக்கள் கூலிக்கு நாற்று நட்ட வயல்கள் பிளாட்டுகளாகி, பிளாட்டுகளில் பட்டறைகள் வந்து, அந்தப் பட்டறைகளுக்குப் பிள்ளைகள் வேலைக்குப் போனார்கள்.

எண்பத்தொன்றில் மதுவிலக்கைத் தளர்த்தி அரசாங்கமே சாராயக்கடைகளுக்கு உரிமம் கொடுத்தது. அதற்கு முன்னும் புதரோரத்தில் கிடைக்காமல் இல்லை. ஆனால் இப்போது எஸ்டேட்டிலிருந்து வீட்டுக்குப் போகிற வழியில், ரயில்வே கேட்டை ஒட்டி, பெயர்ப்பலகை மாட்டி விளக்குப் போட்டு ஒரு கடை உட்கார்ந்திருந்தது. கேட் மூடியிருந்தால் நின்றுதான் ஆக வேண்டும். நின்றால் கடைதான் எதிரே.

தேசிங்குவுக்கு அப்போது இருபத்தொரு வயது. எங்கள் தெருக் கபடிக் குழுவில் பாடிப்போகிறவன் அவன்தான். ஒரே மூச்சில் எதிரணிக் கோடு வரை போய் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு, மூச்சு மிச்சம் வைத்துக்கொண்டு திரும்புவான். அந்த ஆடியில் அவன் மூச்சு நடுக்கோட்டைத் தாண்டியதுமே அறுந்தது. குடி அவனைப் பிடித்திருக்கிறது என்று நாங்கள் தெரிந்துகொண்டது அப்படித்தான். பிறகு காலை வேளையில் லேத்தில் கை நடுங்கியது. ஆவணியில் ஒரு வாரம் இரண்டு நாள் ஆளையே காணோம். அவன் அக்கா கலா, எஸ்டேட்டில் வயர் கம்பெனியில் வேலை செய்தவள், மூன்றாம் நாள் காலையில் ஏரிக்கரையில் அவன் கிடப்பதைப் பார்த்துத் தூக்கி வந்தாள்.

அதே காலையில் பட்டறையில் அரை அங்குல டிரில் ஒன்று காணாமல் போனது. சூப்பர்வைசர் எல்லா மிஷினையும் நிறுத்தச் சொன்னார். ஒரு மணி நேரம் ஆளாளுக்குத் தரையில் தவழ்ந்து தேடினோம். கிடைத்தது.

டீ இடைவேளையில் பன்னீர் சொன்னான்: "ஒரு டிரில்லு காணோம்னா மிஷினை நிறுத்திட்டுத் தேடறானுங்கோ. தேசிங்கு ரெண்டு நாளா காணோம், எவனாவது ஒரு லைட்டை அணைச்சானா? டிரில்லுக்கு டோக்கன் கீது மாமே. ஆளுக்கு இல்ல."

பட்டறை தெரியாதவர்களுக்கு: ஸ்டோரில் ஒரு கருவியை எடுக்கும்போது, அது தொங்கிய ஆணியில் நம் எண் பொறித்த பித்தளை வில்லையை, அதாவது டோக்கனை, மாட்ட வேண்டும். பலகையைப் பார்த்தாலே எது யாரிடம் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அந்த வாரமே கழிவுப் பித்தளையில் பதினொரு வில்லை வெட்டினோம். நான் எண் அடித்தேன். பன்னீர் வீட்டுப் பக்கச்சுவரில் ஒரு பலகை, பதினொரு ஆணி. பன்னீருக்கு நான்கு, எனக்கு ஐந்து, தேசிங்குவுக்கு ஏழு.

3

வழக்கம் இதுதான். வேலை விட்டு ஆறரைக்குள் வந்து அவனவன் வில்லையை அவனவன் ஆணியில் மாட்ட வேண்டும். பிறகு கபடி ஆடலாம், அரட்டை அடிக்கலாம், வீட்டுக்கும் போகலாம். ஏழு மணிக்கு ஓர் ஆணி காலியாக இருந்தால் இரண்டு பேர் தேடிப் போக வேண்டும். ஒருவனாகப் போகக்கூடாது. முதல் வாரத்தில் தேசிங்குவை அழைத்துவரத் தனியாகப் போன ஒருவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். அவனை அழைத்துவர இன்னும் இரண்டு பேர் போக வேண்டியதாயிற்று.

போய் என்ன பேசுவது என்பதைச் சொன்னவள் கலா. "எங்க ஊட்ல அவனுக்குப் புத்தி சொல்லாத ஆளே இல்ல. காது புளிச்சிப் போச்சு அவனுக்கு. நீங்களாவது சொல்லாதீங்கப்பா" என்றாள். ஆகவே புத்தி சொல்லக்கூடாது. கேள்வி கேட்கக்கூடாது. கையைப் பிடித்து இழுக்கக்கூடாது. "ஒரு கை குறையுது, வா" என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்க வேண்டும். கபடி ஆடுகிறவனுக்கு அது போதும்.

வந்தால் திட்டு கிடையாது. கிண்டல் உண்டு. "இன்னா நைனா, கேட்டு மூடிட்டானா? ரயிலு போக இம்மா நேரமா?" என்பான் பன்னீர். அவனே பதினெட்டு வயதில் ஏரிக்கரைச் சாராயம் குடித்துக் கண் மங்கிப் பிழைத்தவன். அவனைத் தேடியும் இரண்டு முறை போனோம். தேடுகிறவர், தேடப்படுகிறவர் என்று இரண்டு பலகை எங்களிடம் இல்லை.

அடிதடிக்கும் ஒரு வழக்கம் வைத்தோம். காணும் பொங்கலன்று கேட்டுக்கு அந்தப் பக்கத் தெருவோடு ஆட்டம். கோட்டைத் தொட்டானா இல்லையா என்று தகராறு. கல் பொறுக்கிவிட்டார்கள். ஒருவன் கையில் கடப்பாரை. இம்மாதிரி நேரத்தில் எல்லாரும் எதிராளியைத்தான் பிடிப்பார்கள். பிடித்தால் என்ன ஆகும்? கட்டிப்போட்ட ஆளை நம் ஆள் வசதியாக அடிப்பான். பன்னீர் முன்பே சொல்லி வைத்திருந்தான்: "அவன் ஆளை அவன் பாத்துப்பான். உன் ஆளை நீ புடி."

ஆகவே பதினொரு பேரும் ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றோம். கல்லை ஓங்கியபடி அவர்கள் திகைத்தார்கள்.

"இன்னாடா இவனுங்கோ, அவனுங்களுக்குள்ளயே கட்டிப் புடிச்சிகினு கீறானுங்கோ?"

"கல்யாணம் முடிஞ்சிச்சா அண்ணாத்தே, நாங்க போலாமா?" என்றான் கடப்பாரைக்காரன். சிரித்துவிட்டார்கள். சிரித்த பிறகு கல் எறிய முடியவில்லை. மாசியில் அவர்களே வந்து, தங்கள் தெருவிலும் ஆணி அடிக்க என்ன பலகை என்று கேட்டுப் போனார்கள்.

4

நோட்டு என் யோசனை. யாரும் கேட்கவில்லை. நீள நோட்டு ஒன்று வாங்கி நான்கு கட்டம் போட்டேன். தேதி, எண், நேரம், காரணம்.

"காரணம் இன்னாத்துக்கு ரைட்டரு?" என்றான் பன்னீர். போலீஸ் ஸ்டேஷனில் எழுதுகிறவரைப் போல எப்போதும் எழுதிக்கொண்டிருப்பதால் எனக்கு அந்தப் பெயர்.

"பின்னால பார்க்க உதவும்."

"பின்னால யாரு பாக்கப் போறா?"

ஆனாலும் எழுதினேன். அழகாக எழுதினேன். ஆவணியிலிருந்து மார்கழி வரை ஏழாம் எண்ணுக்கு எதிரே 'சாராயக்கடை' என்ற சொல் பதினான்கு முறை வருகிறது. தையிலிருந்து ஒரு முறைகூட வரவில்லை. ஆறே காலுக்கெல்லாம் வில்லையை மாட்டிவிட்டுக் களத்தில் நிற்பான். மூச்சு மெல்ல மெல்லத் திரும்பியது. அந்த நோட்டைப் புரட்டும்போது, கெட்ட பக்கங்களுக்குப் பின்னால் வருகிற நல்ல பக்கங்களைப் பார்க்க எனக்கு அத்தனை பெருமை.

5

இங்கே செப்டம்பரில்தான் வசந்தம் தொடங்குகிறது. நான் காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போய் மூன்றரைக்கு வந்துவிடுவேன். டைகள், அதாவது உலோகத் தகட்டை அழுத்தும் அச்சுகள், செய்கிற பட்டறை. ஸ்டோரில் வில்லைக்குப் பதிலாக அட்டை. தேய்த்தால் கம்ப்யூட்டரே குறித்துக்கொள்ளும்.

இளமதி நான்கு வயதில் இங்கே வந்தவள். தமிழ் முழுவதும் எங்கள் இருவரிடம் கற்றது என்பதால் எதிரே இருப்பவரிடம் அவளுக்கு மரியாதைப் பன்மை மட்டுமே வரும். பக்கத்து வீட்டுப் பூனையைக்கூட "வாங்க, உக்காருங்க" என்பாள். அந்தத் தமிழும் இப்போது குறைந்துவிட்டது. பயிற்சி தொடங்கிய பிறகு மாலையில் தொலைபேசியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள். வயர் கதவுக்கு அடியில் நீண்டு கிடக்கும்.

"யாரும்மா?"

"ஃப்ரெண்ட்."

"என்ன விஷயம்?"

"சொல்ல முடியாது அப்பா. அது அவங்க விஷயம்."

சாந்திக்குக் கவலை. "குடிக்கிற பிள்ளைகளோட பேசிப் பேசி இவளும் பழகிட்டா?" என்றாள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் நான் செய்தது பயத்தைச் சொல்வதல்ல. குறிப்பதுதான். "புதன், 7.10 – 8.25. ஃபோன். அழுத சத்தம், இவள் அல்ல." "வெள்ளி, 6.40. மறுபடி. அதே ஆள்?" இப்படி ஒன்பது வரிகள்.

இளமதிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பதால் டைரியை மேசை மேலேயே வைத்திருந்தேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது, எண் தெரியும். மணிக் கணக்கைப் பார்த்திருக்கிறாள். அவள் பேசிய மணிக் கணக்கு.

சத்தம் போடவில்லை. "நீங்க என்னைப் பத்தி எழுதிட்டே இருந்தீங்களா அப்பா?" என்று கேட்டாள். பிறகு ஆங்கிலத்தில், அப்படியானால் இந்த வீட்டிலிருந்து தன்னால் யாரோடும் பேச முடியாது, குழுவிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்றாள். அன்று செப்டம்பர் எட்டு, புதன்.

6

எண்பத்திரண்டு, ஆகஸ்ட் பதினைந்து. ஆடி மாதத்துக் கடைசி ஞாயிறும்கூட. கொடியேற்ற எங்கள் சூப்பர்வைசரை அழைத்திருந்தோம். மனிதர் மோசமானவர் அல்ல. பலகையைப் பார்த்துவிட்டு, "நம்ம ஸ்டோர் சிஸ்டம்!" என்று மகிழ்ந்தார். பன்னீர் சோடா வாங்கப் போயிருந்தான். அந்த இடைவெளியில் நான் நோட்டைக் கொண்டுவந்து நீட்டினேன். அவர் கேட்கவில்லை. நானாகத்தான் நீட்டினேன்.

நின்றபடியே புரட்டினார். அவர் விரல் ஒவ்வொரு ஏழிலும் நின்று நின்று போனது. எந்த எண் யாருடையது என்று பலகைக்கு மேலே பெயர் எழுதியிருந்தது. "நல்லா எழுதியிருக்கே" என்று திருப்பிக் கொடுத்தார். எனக்கு உச்சி குளிர்ந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை பயிற்சி முடித்தவர்களில் யாரை நிரந்தரமாக எடுக்கிறார்கள் என்ற பட்டியல் ஒட்டினார்கள். பன்னீர் பெயர் இருந்தது. என் பெயர் இருந்தது. மூவரில் நல்ல கைக்காரனான தேசிங்குவின் பெயர் இல்லை. உள்ளே ஓடினேன். தை மாதத்துக்குப் பிறகு ஒரு வரிகூட இல்லையே சார் என்றேன்.

"லேத்துல அவன் கை போச்சுன்னா யாரு பதில் சொல்றது? பதினாலு தடவைன்னு நானா எழுதினேன்? நீதானே எழுதின?" என்றார்.

அன்று மாலை தேசிங்கு ஆறே காலுக்கே வந்தான். ஏழாம் எண் வில்லையை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினான்.

"எயுதிக்கோ ரைட்டரு. இன்னிக்குத் தேதி. ஏயாம் நம்பரு. காரணம், ரைட்டரு."

கேட்டை நோக்கி நடந்தான். நாங்கள் யாரும் பின்னால் போகவில்லை. போய் 'ஒரு கை குறையுது' என்று எந்த முகத்தோடு சொல்வது? கலா வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். "ஒரு வருஷமாச்சு தம்பி அவன் நிமிந்து நடக்க" என்றாள்.

7

மறுநாள் சனிக்கிழமை. ஸ்டீல் ஸ்கேலையும் ரம்ப பிளேடில் தீட்டிய கத்தியையும் வைத்து, நோட்டின் ஒவ்வொரு தாளிலும் நான்காம் கட்டத்தைக் கோடு பிசகாமல் வெட்டினேன். அந்தத் துண்டுகளை டீக்கடை அடுப்பில் போட்டேன். "இன்னா ரைட்டரு, லவ் லெட்டரா?" என்றார் டீக்கடைக்காரர்.

ஆறரைக்குச் சாராயக்கடை எதிரே கிடந்த சிமெண்டுக் குழாய் மேல் போய் உட்கார்ந்தேன். ஒருவனாகப் போகக்கூடாது என்பதால் பன்னீர் டீக்கடையில் இருந்துகொண்டான். தேசிங்கு வந்தான், என்னைப் பார்த்தான், உள்ளே போனான். நான் எட்டு மணி வரை இருந்துவிட்டு வந்தேன். மறுநாளும் போனேன். எத்தனை நாளானாலும் போவது என்று முடிவு செய்திருந்தேன். மன்னிப்புக் கேட்க ஒன்றிரண்டு முறை வாயெடுத்தேன். கேட்டால் அதற்கும் அவனே பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே உட்கார்ந்திருந்தேன்.

ஒன்பதாம் நாள் வெளியே வந்து என்னை அடித்தான். முன்பல்லில் ஒரு மூலை உடைந்தது. நம் பையன்கள் ஓடி வந்தார்கள். பன்னீர் குறுக்கே பாய்ந்தான்.

"உன் ஆளை நீ புடி!"

"அவனைத்தான் புடிக்கணும், அவன்தானே அடிக்கிறான்!" என்றான் ஒருவன்.

"அவனும் நம்ம ஆளுதாண்டா" என்று சொல்லி, பன்னீர் போய் தேசிங்குவை இடுப்போடு கட்டிக்கொண்டான். தேசிங்கு திமிறிப் பார்த்துவிட்டு அவன் தோளில் முகத்தை வைத்து அப்படியே நின்றான். மறுநாள் அவனும் குடிக்க வந்தான், நானும் உட்கார வந்தேன். ஒரே நாளில் எல்லாம் மாறிவிடவில்லை.

நாற்பத்து மூன்றாம் நாள், புரட்டாசி மூன்றாவது சனிக்கிழமை. வழக்கம்போல ஆறரைக்குப் போய் உட்கார்ந்தேன். கூட்டம் இல்லை, விளக்கு இல்லை. அது எனக்கு உறைக்கவே இல்லை. சற்று நேரத்தில் தேசிங்கு வந்தான். கடையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"கடை லீவு ரைட்டரு."

"அப்படியா?"

"காந்தி பொறந்த நாளு. ஊர் தேதி எல்லாம் உன் பாக்கெட்ல கீது, இது தெரியாதா?"

"மறந்துட்டேன்."

"கடையே இல்ல. அப்பறம் இன்னாத்துக்குக் குந்திகினு கீற?"

"நீ எதுக்கு வந்த?"

யோசித்தான். "பயக்கம்."

"எனக்கும்தான்."

குழாய் மேல் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டேன். உட்கார்ந்தான். ஒரு கூட்ஸ் வண்டி நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. அது போய் முடிந்ததும், "ஒரு கை குறையுது" என்றேன்.

"ஒண்ணு இல்ல, ரெண்டு. உன்னுதும் ஒண்ணரை மாசமா தொங்கலியாமே. பன்னீரு சொல்லிகினு இருந்தான்."

அது உண்மை. ஆறரைக்கு நான் கடை வாசலில் இருந்தால் பலகையில் எப்படி மாட்டுவேன்? கேட் திறந்தது. இருவரும் நடந்தோம். சட்டைப் பையிலிருந்து இரண்டு வில்லையையும் எடுத்தேன். அன்றைய வரி நோட்டில் இருக்கிறது. 2-10-82. 5, 7. மணி 6.55. அதற்குப் பிறகு வெட்டிய ஓரம்.

8

பதில் கடிதம் செப்டம்பர் பத்தாம் தேதி வந்தது. எழுதியது பன்னீர் அல்ல. உள்ளே துண்டுச் சீட்டில் அவன் கிறுக்கியிருந்தான்: "உன்னைப் பத்தி நல்லதா எழுத எனக்கு மனசு வரல மாமே. சரியான ஆளுகிட்ட குடுத்துட்டேன்."

கடிதம் தமிழில் இருந்தது. அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் வேண்டும். என் ஆங்கிலம் அளவுகோலுக்கும் எந்திரத்துக்கும் போதும், இதற்குப் போதாது. இரண்டு நாளாக என்னோடு பேசாத இளமதியைக் கேட்டேன். என் பக்கம் முகத்தைத் திருப்பாமல் தட்டச்சுப்பொறி முன்னால் உட்கார்ந்தாள். நான் படித்துச் சொல்லச் சொல்ல அவள் ஆங்கிலத்தில் அடித்தாள்.

"பள்ளிக்கூட அதிகாரிக்கு தேசிங்கு எழுதுவது. இவரை எனக்கு 1979 முதல் தெரியும். எண்பத்திரண்டில் என்னைப் பற்றி ஒரு நோட்டில் எழுதி, அதைக் காட்டக்கூடாத ஆளிடம் காட்டி என் வேலையைக் கெடுத்தார்."

அவள் கை நின்றது. "இதையும் அடிக்கணுமா?"

"அவன் எழுதினது எல்லாம் அடி."

"அதற்குப் பிறகு நாற்பத்து மூன்று நாள் சாராயக்கடை வாசலில் எனக்காக உட்கார்ந்தார். நான் அடித்து அவர் பல் உடைந்தது. போலீசுக்குப் போகவில்லை. அதன் பிறகும் நான் மூன்று தடவை விழுந்தேன். மூன்று தடவையும் ஆள் வந்தது. இப்போது பூந்தமல்லி ரோட்டில் சொந்த லேத் வைத்திருக்கிறேன். பலகை இன்னும் இருக்கிறது, ஆணி அதிகமாகிவிட்டது. இப்போது சாராயத்தை விடக் கொடிய போதைத் தூளெல்லாம் வந்துவிட்டது. சாயங்காலம் தேடிப் போகிறதெல்லாம் இருபது வயசுப் பசங்கள்தான். நாங்கள் சொல்வதை அவர்கள் கேட்பதில்லை, அதுவே நல்லது. எங்களுக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. பெண்ணைத் தாராளமாக அனுப்பலாம். அப்பாவையும் சேர்த்துக்கொள்ளலாம், நோட்டு இல்லாமல் வரச் சொல்லவும்."

கீழே எனக்கு ஒரு வரி தனியாக: "என் பேரை எங்க வேணுமோ எயுது ரைட்டரு. அப்போ எயுதினது உன்னுது. இப்போ நான் சொல்லி எயுதறது என்னுது." இந்தக் குறிப்பில் அவன் பெயர் இருப்பது அந்த வரியின் பலத்தில்தான்.

இளமதி கடைசிப் புள்ளியை வைத்துவிட்டுக் கேட்டாள். "அப்ப உங்களுக்கு இது முன்னாடியே தெரியும். தெரிஞ்சும் ஏன் என்னை எழுதினீங்க?"

அந்தப் பழைய நோட்டை எடுத்து வந்து கொடுத்தேன். ஒவ்வொரு தாளாகப் புரட்டி, வெட்டிய ஓரத்தில் விரலை ஓட்டினாள். பிறகு என் டைரியை இழுத்து அதன் மேல் ஸ்டீல் ஸ்கேலை வைத்துத் தள்ளினாள். ஒன்பது வரிகளையும் அவள் கண்ணெதிரே வெட்டினேன். திங்கட்கிழமை அலுவலகத்து அம்மாள் கடிதத்தை இரண்டு முறை படித்தார். இப்படி ஒரு நற்சான்றிதழை நான் பார்த்ததில்லை என்று சொல்லி முத்திரை குத்தினார். இளமதி குழுவிலேயே இருந்தாள்.

9

நேற்று அக்டோபர் இரண்டு, சனிக்கிழமை. பள்ளிக்கு வசந்த விடுமுறை. மாலை ஆறு மணிக்கு இளமதி ஷூ போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"அப்பா, ஒரு இடத்துக்குப் போகணும். இப்பவே."

"குழுவுக்கு லீவு இல்லையா?"

"லீவுன்னு அவளுக்குத் தெரியாதே."

அவள் என்று, ஒரு பெண் என்று, வாயிலிருந்து வந்துவிட்டதை நினைத்து உதட்டைக் கடித்தாள். நான் சாவியை எடுத்தேன். வழியில் ரயில் நிலையத்தில் இன்னொரு மாணவி ஏறிக்கொண்டாள். இரண்டு பேர். யார் வீடு, என்ன ஆயிற்று, அவளுடைய பெற்றோர் எங்கே என்று மூன்று கேள்விகள் என் தொண்டையில் வரிசையாக நின்றன. கேட்கவில்லை. இளமதி இடது, வலது என்று மட்டும் சொன்னாள். ஒரு முனையில், "இங்கயே நில்லுங்க அப்பா, வீடு தெரிய வேண்டாம்" என்றாள். ஆபத்து என்றால் என்ன செய்வது என்று மட்டும் பேசிக்கொண்டோம். நான் ஹாரன் அடித்தால் அவர்கள் வர வேண்டும், அவள் கத்தினால் நான் வருவேன். இருவரும் இறங்கிப் பின்பக்கமாகப் போனார்கள். நான் பின்பக்கக் கண்ணாடியைக் கூரையைப் பார்க்கத் திருப்பி வைத்தேன்.

நீண்ட நேரம் ஆனது. சிமெண்டுக் குழாய்க்குக் கார் இருக்கை எவ்வளவோ தேவலை. ஆனாலும் உட்காரும் வேலை அதேதான். ஒருமுறை எங்கோ கதவு அறைந்த சத்தம் கேட்டுக் கைப்பிடி வரை கை போனது. திரும்ப எடுத்துக்கொண்டேன். கடைசியில் நடைபாதையில் காலடிகள் வந்தன. போனவை நான்கு கால்கள். வருபவை ஆறு என்று காதுக்குத் தெரிந்தது. பின்கதவு திறந்தது. சாராயத்தைப் போன்ற ஒரு வாடை, அதோடு ஈரத் துணியின் வாடை.

"நம்ம வீட்ல சாப்பிடட்டும் அப்பா" என்றாள் இளமதி. பூனைக்குச் சொல்வதுபோல் மரியாதையாக, புதிதாக வந்தவளிடம் தமிழிலேயே சொன்னாள்: "உக்காருங்க." அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனால் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

வீட்டுக் கதவைத் திறந்த சாந்தி நான்கு முகங்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன இருந்ததோ, எதுவும் கேட்காமல் தோசைக்கல்லை ஏற்றினாள். இரண்டாவது தோசைக்குப் பிறகு அந்தப் பெண் தலையை நிமிர்த்தி, யாரும் கேட்காமலே தன் பெயரைச் சொன்னாள். நான் என் பெயரைச் சொன்னேன்.

அவர்கள் போன பிறகு டைரியை எடுத்தேன். 2-10-99. 6.10. 8.05. அதற்கு மேல் எழுதவில்லை. அவள் பெயர் நல்ல பெயர். அதை இங்கேயும் எழுதவில்லை.